சொடக்குப் பூச்சி கொடுத்த உத்தரவு

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பைத் தாண்டிப் போகும் சந்தில் அக்சிலியாவைத் தெரியாதவர் கிடையாது. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தவரும் கிடையாது. "பூச்சி படிக்குது" என்பார்கள். படிக்கிறதா, படித்து முடித்துவிட்டதா, அதற்குச் சம்பளம் உண்டா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவள் அம்மா செல்வமேரியே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறாள். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா வின்சென்ட் மட்டும், "ஆராய்ச்சி" என்று ஒரே சொல்லில் பச்சைக் கொடி காட்டி ஆளை அனுப்பிவிடுவார்.

அவள் படிக்கும் பூச்சியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ட்யூப் லைட்டை மொய்க்கும் கூட்டத்தில் பழுப்பாக, நீளமாக, பார்க்க ஒரு விசேஷமும் இல்லாத ஒன்று வந்து விழும். மல்லாக்க விழுந்தால் செத்ததுபோலக் கிடக்கும். பிறகு உடம்பை வில்லாக வளைத்து, 'டிக்' என்று ஒரு சொடக்குப் போட்டு, ஒரு சாண் உயரம் எம்பி, நேராக விழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்துபோகும். காலால் உதைத்து எழுவதில்லை. மார்புக்கு அடியில் உள்ள ஒரு முள், எதிரே இருக்கும் பள்ளத்துக்குள் சட்டென்று இறங்குவதில் பிறக்கும் துள்ளல் அது. சொடக்குப் பூச்சி என்று ஜனங்கள் அதற்குப் பொருத்தமாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

அக்சிலியா அந்தப் பூச்சியிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு விபத்து. கல்லூரியில் ஆளுக்கொரு பூச்சி பிடித்து வரச் சொன்னார்கள். மற்றப் பெண்கள் பட்டாம்பூச்சி, தும்பி, பொன்வண்டு என்று கண்ணைப் பறிக்கிறவையாகக் கொண்டுவந்தார்கள். நல்லதை அடுத்தவர் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தைத் தொடுவது அக்சிலியாவின் சுபாவம். மிஞ்சியது சேலம் ஜங்ஷன் நடைமேடை விளக்கடியில் கிடந்த ஒரு பழுப்புப் பூச்சி. செத்துவிட்டது என்று நினைத்து மேசையில் மல்லாத்தி வைத்தாள். பேராசிரியை உஷாராணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். 'டிக்'. பூச்சி நேராக அவர் மூக்கில் போய் மோதியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அக்சிலியாவுக்கோ அந்தப் பூச்சியின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. செத்ததென்று எல்லாரும் கைகழுவிய பிறகு எழுந்து இப்படி ஒரு போடு போடுகிறதே! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளுடைய முப்பத்து நான்காம் வயதிலும் தெளியவில்லை.

சுபாவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் வாயில் "பரவாயில்லைங்க" என்ற சொல் நிரந்தரமாகக் குடியிருந்தது. பஸ்ஸில் அவள் பையை வைத்துப் பிடித்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டால், பரவாயில்லைங்க. கருத்தரங்கில் முன்னால் பேசியவர் அவளுடைய நேரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு அசடு வழிந்தால், பரவாயில்லைங்க. பெண் பார்க்க வந்தவர்கள் பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் புழு டப்பாவைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்தபோதும் அதையேதான் சொன்னாள். அந்த ஒரு தடவை மட்டும் மனதாரச் சொன்னாள் என்று தோன்றுகிறது. மற்ற நேரங்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவள் எதையெல்லாம் விழுங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே சொல்வாள்? கேட்டாலும் பரவாயில்லை என்பாள்.

அவள் ஆராய்ச்சி இதுதான். பூச்சி வளர்ந்து பறப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் அது புழுவாக வருடக்கணக்கில் மண்ணிலும் மக்கிய மரத்திலும் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. கம்பியை வெட்டிப் போட்டதுபோல வழுவழுப்பான, விறைத்த புழு. மரவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் ஜாதி உண்டு. கிழங்கை ஏறெடுத்தும் பார்க்காமல், பட்ட மரத்துக்குள் கிடந்து மற்ற வண்டுகளின் புழுக்களைத் தின்று காலம் தள்ளும் சாதுவும் உண்டு. எந்தப் புழு எந்தப் பூச்சியாகிறது என்பது பல ஜாதிகளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, புழுவைக் கண்டுபிடித்து, அது சிறகு முளைத்து வெளியே வரும்வரை காத்திருப்பது. காத்திருப்பதில் அக்சிலியாவை மிஞ்ச ஆள் கிடையாது.

காத்திருக்கப் பட்ட மரம் வேண்டுமே! சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு மரம் பட்டுவிட்டால் அடுத்த வாரமே அது விறகாகிவிடும். மரம் தேடி அவள் ஏறி இறங்காத தோட்டமில்லை. கடைசியில் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே மணியனின் தோட்டத்தில் கிடைத்தது. அவருக்குக் கிணற்றுப் பாசன நிலம் போக, கிளுவை வேலி போட்டு ஆடு மாடு மேய விட்டிருந்த கொறங்காடு ஒன்று இருந்தது. அதில் பெரிய வெள்வேல மரங்கள் சில விழுந்து, ஆண்டுக்கணக்காக மக்கிக்கொண்டு கிடந்தன. ஒருவரும் ஒரு சுள்ளிகூட எடுக்கவில்லை.

"இடி உழுந்த மரமுங்க. அதைக் கொண்டுபோயி அடுப்புல வெக்க மாட்டோம்" என்றார் மணியன். "பூச்சி தின்னாத் தின்னுட்டுப் போவுது. உங்களுக்கு ஆகுமுன்னா நீங்களும் பாருங்க."

அக்சிலியாவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில் தீவனம் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் சூரமங்கலம் என்று ஆயிற்று. மணியனின் மனைவி சென்னியம்மாளுக்கு அக்சிலியா என்ற பெயர் கடைசிவரை நாக்கில் ஏறவில்லை. "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவாள். முதல் மாதம் அம்மிணி தனியாக ஸ்டவ் வைத்துச் சமைத்துப் பார்த்தாள். இரண்டாம் மாதம் சென்னியம்மாள் ஸ்டவ்வை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, "ஒரு வாயிக்கு ஒல தனியா வெப்பாங்களா? வந்து உக்காரு சாமி" என்றுவிட்டாள்.

மகன் தர்ஷன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போய், சம்பாதித்தது போதும் என்று திரும்பி வந்திருந்தான். அவன் மனைவி தனப்பிரியாவுக்குத் தன் மனதில் பட்டதை அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். அக்சிலியா மரக்கட்டையின் மேல் காதை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உள்ளாற என்னங்க பேசிக்குதுங்க?" என்பாள். அக்சிலியா சிரிப்பாள். கட்டைகளின் மேல் கொசுவலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து, பட்டையைக் கொஞ்சமாக நெம்பி, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி மூடி வைப்பதுதான் அவள் வேலை. வெளியாளுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது.

இப்படியே மூன்று வருடம் போயிற்று. அவள் கண்முன்னே வளர்ந்த புழுக்கள் அந்தச் சித்திரையில் கட்டைக்குள்ளேயே கூடு செதுக்கி, வெளுத்து, அசையாமல் கிடக்க ஆரம்பித்தன. இனி ஒரு நல்ல மழை பெய்து மரம் ஊறினால் சிறகோடு வெளியே வந்துவிடும். என்ன பூச்சி வரப்போகிறது என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. முதலில் தெரியப்போவது அவளுக்குத்தான். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கூடுதல் அவகாசமும் அந்த வருடத்தோடு முடிகிறது. இந்த நேரத்தில் கட்டையை நகர்த்தினால் கூடு உடையும், உள்ளே இருப்பது சாகும். மூன்று வருடமும் அதோடு சேர்ந்து போகும்.

அந்தச் சித்திரையில்தான் தர்ஷன் சாப்பாட்டில் கை வைத்தபடி ஆரம்பித்தான்.

"கொறங்காட்டுல முட்டைக் கோழிப் பண்ணைக்கு ஒரு செட்டுப் போட்டர்லாமுன்னு இருக்கறனுங்க. ஊட்டுக்கு நாத்தம் வராது. தீவன லாரி ரோட்டுலருந்து நேரா உள்ளாற வந்துரும். ஜேசிபி விட்டா ரெண்டு நாள்ல சமமாயிரும்."

மணியன் தலையாட்டினார். ஆடு மேய்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். தனப்பிரியா உடனே சரி என்றாள். சென்னியம்மாள் மோர் ஊற்றிக்கொண்டே, "செய்யட்டும், அவனும் எத்தன நாளைக்கு ஊர் ஊராத் திரிவான்" என்றாள். தர்ஷன் அக்சிலியாவின் பக்கம் திரும்பினான். கெட்ட மனம் படைத்தவன் அல்ல. கொஞ்சம் சங்கடத்தோடுதான் கேட்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே? பூச்சிய வேற எங்கியாச்சும் பாத்துக்கலாமுங்களா?"

அக்சிலியாவின் நெஞ்சுக்குள் ஜேசிபி ஓடியது. வாயைத் திறந்தாள். என்ன வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

"பரவாயில்லைங்க. உங்க நிலம். நான் பாத்துக்கறேன்."

எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி பரவியது. சென்னியம்மாள் அவளுக்கு இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள்.

அன்று மாலை போனில் இதைக் கேட்ட செல்வமேரிக்கு வந்த கோபம் சூரமங்கலத்திலிருந்து திருச்செங்கோடு வரை காதில் சுட்டது. "வாயத் தொறந்து கேளேன்டி! அடிச்சா தொரத்தப் போறாங்க? ஒரு மாசம் தள்ளிப் போடச் சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"

"அவங்க நிலத்துல எனக்கு என்னம்மா உரிமை இருக்கு? தங்க எடம் கொடுத்து, சோறும் போடறாங்க. இதுக்கு மேல எப்படிக் கேக்கறது?"

"நல்லா வளத்தேன்" என்று போனை வைத்துவிட்டாள் அம்மா.

மணியன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிணறு வெட்டுவதோ, கல்யாணம் பேசுவதோ, எந்தப் பெரிய காரியமானாலும் கவுளியிடம் உத்தரவு கேட்காமல் தொடங்க மாட்டார்கள். கவுளி என்றால் சுவரில் ஊரும் பல்லிதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் சாமி அலமாரிக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து, காரியத்தைச் சொல்லி, ஊதுவத்தி ஏற்றுவார்கள். வத்தி எரிந்து முடிவதற்குள் வலப்பக்கத்திலிருந்து கவுளி சொன்னால் உத்தரவு ஆயிற்று. இடப்பக்கம் சொன்னாலோ, சத்தமே வராவிட்டாலோ, அந்தக் காரியம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். அதில் மாற்றமே கிடையாது.

இதைக் கேள்விப்பட்டதும் அக்சிலியாவுக்கு உயிர் வந்தது. தான் கேட்க வேண்டாம்; பல்லி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அடுத்த வருடம் என்றால் அதற்குள் பூச்சிகள் பறந்தே போயிருக்கும். பல்லியோ அந்த வெயிலில் எங்கே போய் ஒளிந்ததோ, ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை அவளும் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். ஊதுவத்தி பாதி எரிந்தது. முக்கால் எரிந்தது. தர்ஷனின் முகம் வாடிக்கொண்டே போனது. அக்சிலியாவுக்கு உள்ளுக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைக்கத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

'டிக்.'

வலப்பக்கம். சுத்தமாக, கணீரென்று. சென்னியம்மாள் கும்பிட்டபடியே விரலால் தரையைத் தட்டினாள். மணியன் தட்டினார். தர்ஷன் தரையே பெயரும்படி தட்டினான்.

அக்சிலியா மட்டும் தட்டவில்லை. அந்தச் சத்தத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. பல்லிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்திலும் தெரியும். சாமி அலமாரிக்கு வலப்பக்கத்தில், எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. அவள் தங்கிய அறையின் சிமெண்ட் ஷீட் கூரை கொதிப்பதால், கோடைத் தூறலுக்கு லைட்டடியில் விழுந்த சொடக்குப் பூச்சிகளைப் போட்டு, அவளேதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஓட்டு வீட்டின் குளுமையில் இருக்கட்டும் என்று இடம் ஒதுக்கிக் கொடுத்ததே சென்னியம்மாள்தான். பூச்சிக்கு வீடாக இருந்த காட்டை அழிக்க அந்தப் பூச்சியே உத்தரவு கொடுத்துவிட்டது!

சொல்லலாமா, வேண்டாமா? பொய்யைத்தான் யோசித்துச் சொல்வார்கள். அக்சிலியாவுக்கு உண்மையைச் சொல்வதற்கே ஒரு பொழுது யோசிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்த உண்மையால் லாபம் அவளுக்கு. அன்று பரவாயில்லை என்றவள் இன்று வந்து, உங்கள் சாமி பேசவில்லை, என் டப்பாதான் பேசியது என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் கோவிலுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போகிறவள் சொன்னால்? ஆனாலும் தெரிந்தே அவர்களைத் தப்பாக நினைக்க விட அவளால் முடியவில்லை. மறுநாள் காலை கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்த சென்னியம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

சென்னியம்மாள் பால் சொம்பை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, இங்க வாங்க, நம்ம கவுளிக்கு ஆறு காலாமா!" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

தர்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்லாருக்குதுங்க கதெ. வலப்பக்கம் சத்தம் வந்துச்சில்ல? பல்லியா இருந்தா என்ன, பூச்சியா இருந்தா என்ன?"

"பல்லி மட்டும் பேசுதாக்கும்? சாமிதான பேசுது. அது எதுக்குள்ளாற வேணா பூந்து பேசும்" என்றாள் தனப்பிரியா. கணவன் கட்சியோ நியாயத்தின் கட்சியோ, தெரியவில்லை.

மணியன் தாடையைச் சொறிந்தார். அவருக்கு அரைகுறையாக எதையும் விட்டுவைக்கப் பிடிக்காது. "சந்தேகமுன்னு வந்துருச்சு. அப்பறம் நாளைக்கு ஒரு கோழி செத்தாலும் இதுதான் மனசுல ஓடும். அந்தப் பூச்சியவே கேட்டுப்புடலாம். இன்னைக்குப் பொழுதோட தட்டத்துல வெப்போம். வத்தி முடியறதுக்குள்ள சொன்னா செட்டுப் போடு. சொல்லாட்டி உடு."

"அவிங்களே வெக்கட்டுங்க" என்று அக்சிலியாவைக் காட்டினான் தர்ஷன். "நாம வெச்சு அமுக்கிப்புட்டோமுன்னு பேச்சு வேண்டாம். அவிங்க பூச்சி, அவிங்க கை."

அவன் பெருந்தன்மையாகத்தான் சொன்னான். ஆனால் அக்சிலியாவை அதைவிடப் பெரிய சோதனையில் மாட்டிவிட யாராலும் முடியாது. மல்லாக்க வைத்தால் சொடக்குப் பூச்சி எப்படியும் சொடக்கும். நிமிர அதற்கு வேறு வழி கிடையாது. ஆனால் பயந்துவிட்டால் கதை வேறு. எடுக்கும்போது விரல் நுனியால் லேசாக ஒரு அழுத்து, ஒரு சின்னக் குலுக்கு. அவ்வளவுதான், காலை மடக்கிக்கொண்டு செத்ததாகக் கிடக்கும். ஒரு ஊதுவத்தி என்ன, இரண்டு எரிந்தாலும் அசையாது. இது அவளுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது.

பகல் முழுக்க அவள் கொறங்காட்டில் கட்டைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சின்ன அழுத்து. யாருக்கு என்ன நஷ்டம்? செட்டு ஒரு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே? கேட்டு வாங்கத் தெரியாதவளுக்குத் திருட மட்டும் வழி தெரிகிறது என்று நினைத்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த எண்ணம் போகவும் இல்லை.

விளக்கு வைத்தார்கள். சென்னியம்மாள் பித்தளைத் தட்டத்தைத் துடைத்து, நடுவில் ஒரு துளி மஞ்சள் வைத்தாள். ஊதுவத்தி ஏற்றினாள். அக்சிலியா டப்பாவைத் திறந்தாள். ஒரு பூச்சியை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே அது காலை அசைத்தது. எல்லாரும் பூச்சியைத்தான் பார்த்தார்கள். அவள் விரலை யாரும் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கைதான் அவளைத் தடுத்தது. பூ இதழை வைப்பதுபோல அதைத் தட்டத்தில் மல்லாக்க வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

பூச்சி காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. ஊதுவத்திச் சாம்பல் வளைந்து விழுந்தது. புனித அந்தோணியாரே, இது வாயைத் திறக்காமல் இருக்கட்டும் என்று அக்சிலியா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பூச்சிக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தெரியாது, அதற்குத் தோன்றும்போது துள்ளும் என்று எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்னவள்தான். பாதி வத்தி போயிற்று. தர்ஷன் வத்தியையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போது பூச்சியின் மீசை அசைந்தது. யாருக்கும் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. ஒரு கால் பிரிந்தது. இன்னொன்று பிரிந்தது. தலை பின்னால் சாய, உடம்பு நடுவில் மெல்ல வளைய ஆரம்பித்தது. அடுத்து என்ன என்று அவளுக்கு மனப்பாடம்.

அக்சிலியா பாய்ந்து தட்டத்தின் மேல் கையைக் கவிழ்த்து, பூச்சியை அள்ளி மூடிக்கொண்டாள்.

"வேண்டாங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள். மூடிய கைக்குள் 'டிக்' என்று அது உள்ளங்கையில் அடித்தது.

"இது இப்ப சொல்லுச்சுங்க. கைக்குள்ள சொல்லிருச்சு. மல்லாக்கப் போட்டா எப்பவும் சொல்லும். நான் நெனச்சிருந்தா சொல்லாம வெச்சிருக்க முடியும், அதுக்கும் எனக்கு வழி தெரியும். இதைக் கேக்காதீங்க. நான் சொல்றேன். காட்டை அழிக்காதீங்க. எனக்கு அந்தக் கட்டைங்க வேணும். மூணு வருசமாக் காத்திட்டு இருக்கேன். இந்த மழைக்கு வெளிய வந்துரும். எனக்கு வேணுங்க!"

முதலில் வாயைத் திறந்தவன் தர்ஷன், அவனுக்குக் கோபம்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னுங்க? நாந்தான் வாயத் தொறந்து கேட்டனில்ல? பரவால்லைன்னீங்களே!"

"பொய் சொன்னேங்க" என்றாள் அக்சிலியா.

மணியன் எழுந்தார். பாதி எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியை எடுத்து, மண் தொட்டியில் குத்தி அணைத்தார். "அப்பறமெதுக்கு இதெல்லாம்? ஊட்டுல ஒருத்தருக்கு மனசு ஒப்பலீன்னா கவுளி கேக்கற வழக்கமே நமக்கு இல்லியே. மனுசரு எல்லாரும் சரின்ன பொறவுதான் சாமிகிட்டப் போறது. தர்சா, வேற எடம் பாரு."

"ஊட்டுல ஒருத்தரா?" அக்சிலியா நிமிர்ந்து பார்த்தாள். "நான் வெளியாளுங்களே."

சென்னியம்மாளுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஆரு வெளியாளு? அன்னைக்கு உன்ற வாயிலருந்து சரின்னு வந்த பொறவுதான ஊதுவத்தியே பத்த வெச்சேன்! நீ வேண்டாமுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா இந்தப் பேச்சு சோத்தோடயே முடிஞ்சிருக்கும். மூணு வருசமா ஒரே வட்டல்ல சோறு திங்கற, உன்றகிட்டக் கேக்காம எப்புடி சாமிகிட்டக் கேப்போம்?"

அக்சிலியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டில் அவள் சொல்லை எடை போட்டுத்தான் வைத்திருந்தார்கள்; அவள்தான் அதைக் காசுக்கு உதவாததாக நினைத்து வீசியிருந்தாள். காட்டை அழிக்க முதல் உத்தரவு கொடுத்தது பூச்சியுமல்ல, பல்லியுமல்ல. அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூடிய கையைத் திறக்கவும் முடியாமல், கண்ணைத் துடைக்கவும் முடியாமல் உட்கார்ந்து அழுதாள். தனப்பிரியா எழுந்து வந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, கையைப் பிரித்துப் பூச்சியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க, செட்டை எங்க போடறது?" என்றான் தர்ஷன். அவன் பாடு அவனுக்கு. "அதையும் அவிங்களே சொல்லட்டும்."

அக்சிலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யோசிக்காமல் சொன்னாள். "கெணத்துக்குக் கெழக்கால மேடு சும்மாத்தான் கெடக்குதுங்க. ரோட்டுலருந்து கொஞ்சம் பாதை வெட்டினாப் போதும்."

"அடேங்கப்பா! அது என்ற ஜன்னலுக்கு நேராங்க!" என்று தனப்பிரியா துள்ளி எழுந்தாள். "கோழி நாத்தமும் ஈயும் தலகாணிக்கே வந்துரும். எனக்கு மனசு ஒப்பலைங்க. மாமா, கேட்டீங்களா? ஊட்டுல ஒருத்தி சொல்றேன், எனக்கு ஒப்பல."

"அப்பத் தெக்கால?" என்றார் மணியன்.

"தெக்கால மரவள்ளி இருக்குது. அதைப் புடுங்க நாந்தான் உடுவனா?" என்றாள் சென்னியம்மாள்.

"காத்து மேக்கருந்துதான் வீசும், கெழக்கால போட்டா நாத்தம் வீட்டுப் பக்கம் வராதுங்க" என்று அக்சிலியா எழுந்து நின்றாள். தனப்பிரியா கிழக்கிலிருந்து வீசும் ஐப்பசிக் காற்றை எடுத்துப் போட்டாள். தர்ஷன் தலையில் கை வைத்துக்கொண்டு, ரிக் வண்டிக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்றான். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் பேசினார். அந்தக் கூச்சலில் எல்லாரையும்விட ஓங்கிக் கேட்டது அக்சிலியாவின் குரல்தான். சோறு ஆறிப்போயிற்று.